கொல்லைத் தோட்டம் – 5: விதைக்கும் கையும் பிடுங்கும் கையும்

சென்ற வாரம் மண்ணைக் கொத்தி, கல்லும் கட்டியும் களைந்து, மக்கிய தொழு உரமிட்டுப் பாத்தி பிடித்து வைக்கும் வரையில் வந்து நின்றோம். கடைக்குப் போய் நாலைந்து பொட்டலம் விதை வாங்கி வந்து, குழந்தைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரே மாலையில் ஒரே பாத்தியில் அனைத்தையும் தூவி முடித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே முளை தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பது புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்களின் சுபாவம். அந்த உற்சாகத்தை நான் குறை கூறவில்லை. அது இல்லாதவர் மண்வெட்டியைத் தொடவே மாட்டார். ஆனால் விதைகளில் இருவகை உண்டு என்பதையும், அவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் ஏதேனும் ஒரு வகை நிச்சயம் நமக்கு ஏமாற்றம் தரும் என்பதையும் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரைகள், சுரை, பூசணி, பீர்க்கு, புடல், பாகல் ஆகியவை விழுந்த இடத்திலேயே முளைத்து, முளைத்த இடத்திலேயே காய்த்து ஓய விரும்புபவை. அவற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால், வெண்டை ஆணிவேர் அறுந்து வாடும். கொடி வகைகளோ அறுந்த வேரை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் சக்தி மிகக் குறைந்தவை. முள்ளங்கியில் வேரே காய்கறியாகையால், அது கோணி, இரண்டாகப் பிளந்து, சமையலுக்கு ஆகாமல் போகும். கத்தரி, தக்காளி, மிளகாய் இம்மூன்றும் இதற்கு நேர்மாறானவை. விதை மிகச் சிறியது; முளைத்த முதல் சில வாரங்கள் வெயிலையும் மழையையும் புழுவையும் தாங்கும் திராணி அவற்றுக்குக் கிடையாது; ஆகையால் கைக்கெட்டிய சிறு இடத்தில் வைத்துப் பராமரித்து, சற்றுத் திடம் பெற்றபின் பாத்திக்கு மாற்றுகிறோம். பிடுங்கும்போது வேர்நுனி அறுந்தாலும் சில நாட்களிலேயே பக்கவேர்கள் கிளைத்துவிடுவதால் அவை அந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்கின்றன. இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாக்கும் மண் நோய் மற்றதையும் தாக்கும். எனவே கத்தரி ஓய்ந்த பாத்தியில் அடுத்தபடியாகத் தக்காளியை நடாமல், அவரையையோ கீரையையோ இடுவது உத்தமம்.

காலத்தைப் பற்றி நம் ஊரில் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் விதைக்க வேண்டும் என்பது ஏட்டைத் தொடாதவருக்கும் பாடம். அதற்குக் காரணம் வெறும் சம்பிரதாயம் அன்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. ஆடியில் நாற்றுவிட்டு ஆவணியில் நடும் செடி, அந்தப் பெருமழை வருவதற்குள் வேரூன்றித் தண்டு தடித்து நிற்கும். குழாயும் கிணறும் உள்ள வீட்டுத் தோட்டக்காரர் மழையை எதிர்பார்க்கத் தேவையில்லையே என்று கேட்கலாம். தண்ணீரை நாம் கொடுத்துவிடலாம். வெப்பத்தை எப்படிக் குறைப்பது? பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துபோகும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுவதற்கு உரக்குறை காரணமல்ல. வெண்டையும் கொத்தவரையும் கீரைத்தண்டும் அந்த வெயிலைப் பொறுக்கும். தக்காளிக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும்.

இனி விதைப் பொட்டலம். படத்தில் உள்ள பளபளப்பான காயைப் பார்த்து வாங்குகிறவர்கள் அநேகர். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ளதைப் படிக்கிறவர்கள் சிலரே. ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை அங்கேதான் இருக்கும். நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின் கீழ்ச் சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை கட்டியிருப்பார்கள். அத்தகைய விதைக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் கத்தரிக்கும் தக்காளிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் சுரை, பாகல் முதலிய கொடிகளுக்கும் 60 என்பதை அறிந்தால் வாசகர்கள் பலருக்கு மன ஆறுதல் உண்டாகும். பத்துப் பாகல் விதையில் நான்கு முளைக்காமற் போவது விற்றவனின் மோசடியும் அல்ல, இட்டவரின் கைராசிக் குறைவும் அல்ல. இன்னொன்று: கடை விதைகள் சில கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசினாற்போல் இருக்கும், அது பூஞ்சணக் கொல்லி கலந்ததற்கு அடையாளம். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் தின்பண்டத்தைத் தொடலாகாது. மிஞ்சிய விதையைக் கோழிக்குப் போடவும் கூடாது.

வீரிய ஒட்டு விதையா, நாட்டு விதையா என்னும் வழக்கு இப்போது பெரிதாகக் கிளம்பியிருக்கிறது. வீரிய ஒட்டு ரகம் அதிகம் காய்க்கும் என்பது மெய். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை அடுத்த பட்டத்தில் இட்டால் தாயைப் போலவே செடி வராது. ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக, காய் ஒன்று போலவும் மற்றொன்று வேறாகவும் பிரிந்து போகும். ஆதலால் ஆண்டுதோறும் கடைக்காரரிடம் போய் நிற்க நேரும். சந்தைக்கு மூட்டை கட்டும் விவசாயிக்கு அது கட்டுப்படியாகலாம். வீட்டுக்கு வேண்டிய அளவு பயிரிடுபவருக்கு அது அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள கோ வரிசை ரகங்கள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக்கத்தரி போன்ற நம் ஊர்க் கத்தரிகள் ஆகியவற்றில் நன்கு பழுத்த ஒரு காயை விதைக்கென்று விட்டுவைத்தால், அடுத்த பட்டத்துக்கு முதலீடே இல்லை. பூசணி, சுரை விதைகளைப் பசுஞ்சாணியில் பதித்துச் சுவரில் அப்பிவைக்கும் வழக்கம் கிராமங்களில் இருந்தது. சாணி காய்ந்து வறட்டியாகிவிடும்; பூச்சி நெருங்காது; பட்டம் வந்ததும் வறட்டியை உடைத்து விதையை எடுத்துக்கொள்வார்கள்.

பழைய விதை ஏதேனும் கைவசம் இருந்தால் அதை நம்பிப் பாத்தியை வீணாக்குவதற்கு முன் ஒரு சிறு பரீட்சை செய்துவிடலாம். பத்து விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, துணி உலராமல் ஒரு வாரம் வைத்துப் பிரித்துப் பாருங்கள். ஏழு முளைத்திருந்தால் தாராளமாக விதைக்கலாம். நாலு என்றால் இரட்டிப்பாக விதைக்கலாம். ஒன்றோ இரண்டோ என்றால் குப்பையில் போடுவதே மரியாதை. அடுக்களை விதைகளிலும் முளைப்பவை உண்டு. வெந்தயமும் கடுகும் சிரமமின்றி வரும். கொத்துமல்லியை முழுதாக இடுவதில் பயனில்லை. உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால், தரையில் பரப்பி மரக்கட்டையால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து இட வேண்டும். அது முளைக்க 8 முதல் 15 நாள் பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து பாத்தியைக் கொத்திவிடுகிறவர்களே அதிகம். மளிகைக்கடை வற்றல்மிளகாயின் விதை சில சமயம் முளைக்கும், பல சமயம் முளைக்காது, அதை நம்புவதற்கில்லை.

நேரடியாக விதைக்கும் வகைகளில் ஆழமே பிரதானம். விதையின் பருமனைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழம் போதும். வெண்டைக்கும் அவரைக்கும் விரலின் முதற்கணுவில் பாதி, கீரைக்கு மேலே தூவிய மெல்லிய மணல். அரை அடிக் குழியில் கீரை விதையைப் போட்டு மூடிவிட்டு, கடைக்காரனைச் சபிக்கிறவர்களை நான் கண்டதுண்டு. பாகலும் புடலும் கெட்டித் தோல் உடையவை. ஓர் இரவு தண்ணீரிலோ நீர்த்த சாணிப்பாலிலோ ஊறவைத்து இட்டால் முளைப்பு விரைவாகும். கீரை விதையைக் கையில் அள்ளித் தூவினால் ஒரு மூலையில் மேடும் ஒரு மூலையில் வெறுமையுமாக விழும் என்பதால், அதைப்போல் நாலைந்து பங்கு காய்ந்த மணலைக் கலந்து தூவுவது வழக்கம். எறும்புதான் கீரைக்கு முதல் எதிரி. விதைத்த அன்றிரவே வரிசையாக வந்து தூக்கிப் போய்விடும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குருணையைத் தூவினால் அவை அதைச் சுமந்துகொண்டு போகும். நம் விதை தப்பும். கொடி வகைகளைத் தொடக்கத்தில் தனியே வளர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், வாழையிலைத் தொன்னையில் மண் நிரப்பி விதையிட்டு, இரண்டு இலை விட்டதும் தொன்னையோடு குழியில் வைத்துவிடலாம்; தொன்னை மக்கிவிடும், வேர் அசைவதில்லை.

நாற்றங்காலுக்கு வருவோம். வீட்டுத் தோட்டத்துக்கு ஏக்கர் கணக்கான நாற்றங்கால் தேவையில்லை. மூன்றடிக்கு இரண்டடி இடமோ, அகலமான ஒரு மண்தொட்டியோ, அடியில் துளையிட்ட பழைய மரப்பெட்டியோ போதும். செம்மண், மணல், சலித்த தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, தரைமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்தி அமைக்க வேண்டும். நீர் தேங்கினால் நாற்று பிழைக்காது. அதில் விரலால் இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் கோடு கிழித்து, கோட்டுக்குள் விதையை ஒவ்வொன்றாக இடுவதே முறை. இங்கேதான் கை தடுமாறுகிறது. ஒரு கிராம் கத்தரி விதையில் ஏறக்குறைய 200 விதைகளும் தக்காளியில் 300-க்கு மேலும் இருக்கும். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் சிட்டிகையே ஒரு தெருவுக்குப் போதிய நாற்றைத் தந்துவிடும். இட்ட விதையின்மேல் மெல்லிய மணலைத் தூவி, வைக்கோல் பரப்பி, முளைக்கும் வரை காலையும் மாலையும் பூவாளியால் நனைக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை ஓடி ஒரு மூலையில் குவியும். தக்காளி 5 முதல் 8 நாளிலும், கத்தரி ஒரு வாரம் பத்து நாளிலும், மிளகாய் இன்னும் சற்றுத் தாமதித்தும் முளைக்கும். முதல் முளை தலை காட்டிய அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாளை எடுக்கலாம் என்று விட்டால் நாளைக்கு அது வைக்கோலுக்குள் வளைந்து மஞ்சளாகிக் கிடக்கும்.

இந்த மஞ்சள் நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மன் கோயில் திருவிழாவுக்காகப் பெண்கள் இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரியைப் பாருங்கள்: வெளிறிய நிறம், நீண்டு மெலிந்த தண்டு, லேசாக அசைந்தாலும் சாயும் தன்மை. விழாவுக்கு அந்த நெட்டை அழகு; தோட்டத்துக்கு அது ஆபத்து. வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் வைத்த நாற்றுகளும் அதே கோலத்தில்தான் வளர்கின்றன. வெளிச்சம் போதாத செடி, அதைத் தேடி எட்டிப் பிடிக்கும் முயற்சியில் தன்னிடமுள்ள சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்துவிடுகிறது. வேருக்கும் இலைக்கும் மிச்சமில்லை. சார்லஸ் டார்வினும் அவருடைய புதல்வர் பிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புல்லின் இளமுளையின் நுனிக்குச் சிறு தொப்பி மாட்டி வெளிச்சத்தை மறைத்து, நுனியே ஒளியை உணர்கிறது, வளைவது அதற்குக் கீழே உள்ள பாகம் என்று கண்டறிந்தார்கள். ஜன்னலோர நாற்று ஒருபக்கமாகச் சாய்வதைப் பார்க்கிற எவருக்கும் அந்தப் பரீட்சை பிரத்தியட்சமாகவே விளங்கும். ஆகையால் நாற்றங்காலை முளைக்கும் வரை நிழலில் வைத்திருந்தாலும், முளைத்த அன்றிலிருந்து காலை வெயில் நேராக விழும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உச்சிப்பொழுதின் கடுமைக்கு மட்டும் ஒரு தென்னங்கீற்று போதும்.

இதுவரை சொன்னவற்றை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இனிச் சொல்லப் போவதை ஒப்புக்கொண்டு, ஆனால் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள்தாம் பெரும்பாலோர். அது கலைத்து விடுதல். நெருக்கமாக முளைத்த நாற்றில் பாதிக்கு மேற்பட்டதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றால், விதைத்த கை கூசுகிறது. நம் கண்ணெதிரே மண்ணைப் பிளந்து வந்த சின்னஞ்சிறு உயிர் அது. பிடுங்குவது பாவம் என்று தோன்றுவது இயற்கையே. ஆனால் அந்த ஜீவகாருண்யத்தின் விளைவு என்ன? நெருக்கத்தில் காற்றோட்டம் இராது. தண்டின் அடி ஈரம் உலராது. அந்த ஈரத்தில் பித்தியம் என்னும் பூஞ்சணம் பெருகி, நேற்று மாலை நிமிர்ந்து நின்ற நாற்றுகள் இன்று காலை மண்மட்டத்தில் தண்டு சுருங்கி, அறுத்துப் போட்டாற்போல் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்று இதைச் சொல்வார்கள். வந்த பின் வைத்தியம் அநேகமாக இல்லை. விதைக்குமுன் விதையோடு டிரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைப் பிசறி வைப்பது ஒரு காப்பு. முளைத்தபின் மாலையில் நீரூற்றாமல் காலையில் ஊற்றி, இரவுக்குள் மேல்மண் காய விடுவது மற்றொரு காப்பு. எல்லாவற்றிலும் பெரிய காப்பு, நாற்றுக்கு நாற்று ஓர் அங்குலமாவது விட்டு மற்றவற்றை நீக்கிவிடுவது. ஐம்பதைக் காப்பாற்ற நினைத்து ஐம்பதையும் இழப்பதைவிட, இருபதை வைத்துக்கொண்டு இருபதையும் வளர்ப்பதுதானே தர்மம்? பிடுங்க மனம் வராதவர்கள் சிறு கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடலாம்; அடுத்த நாற்றின் வேரும் அசையாது. வெண்டைக்குழியில் இரண்டு முளைத்தால் ஒன்றும், சுரைக்குழியில் நாலைந்து முளைத்தால் இரண்டும் மட்டுமே நிற்க வேண்டும். கீரை ஒன்றில் மட்டும் இந்தச் சங்கடம் கிடையாது: பிடுங்கியது அன்றைய குழம்புக்கு ஆயிற்று.

தக்காளி ஏறக்குறைய 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 முதல் 45 நாளிலும் நடுவதற்குத் தயாராகும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். நடும் வேளை மாலை நாலு மணிக்கு மேல். மேகமூட்டமான நாளாயின் இன்னும் நன்று. நாற்றங்காலை முதலில் நன்றாக நனைத்து, தண்டைப் பிடித்து இழுக்காமல், குச்சியால் அடிமண்ணோடு நெம்பி எடுங்கள். கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒன்றரை அடி இருக்கட்டும். தக்காளி நாற்றைக் கீழிலைகளைக் கிள்ளிவிட்டுச் சற்று ஆழமாகவே புதைக்கலாம். மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் வேர் விடும் குணம் அதற்கு உண்டு. நட்டவுடன் ஒரு நீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர். முதல் இரண்டு நாள் நாற்று தலை தொங்கிக் கிடப்பதைக் கண்டு பதறி வேளைக்கொரு குடம் ஊற்றுகிறவர்கள், வேருக்கு மூச்சு விட இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

நாற்றை விலைக்கு வாங்குவதில் தவறொன்றுமில்லை. திண்டுக்கல், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிழல்வலைக் கூடாரங்களில் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, வேர் சிறிதும் சேதமடையாத வகையில் நாற்று வளர்த்துக் கொடுக்கிறார்கள். முதல் பட்டத்தில் கத்தரியும் மிளகாயும் அப்படி வாங்கி நட்டுவிட்டு, நேரடி விதைப்பில் மட்டும் கையைப் பழக்கிக்கொள்வது புத்திசாலித்தனமான ஆரம்பம். வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக இருப்பதே நல்ல நாற்று. பூவும் பிஞ்சுமாக நிற்கும் நாற்றைக் காட்டி, நாளைக்கே காய் பறிக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். அது சின்னத் தட்டில் நாள் கடந்து நின்று, வேர் சுருண்டு, கலவரப்பட்டுப் பூத்த செடி. அதைவிட இளநாற்று வெகு சீக்கிரம் முந்திக்கொள்ளும்.

நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கத்தரி ஆறு செடி, தக்காளி எட்டு, மிளகாய் நாலு, வெண்டை பதினைந்து, ஒரு சுரைக்கொடி, கீரைக்கு ஒரு பாத்தி ஆகியவை முதல் பட்டத்துக்கு ஏராளம். இதற்கு மேல் இடமிருந்தாலும் இந்தத் தடவை வேண்டாம். அடுத்த வாரம் பந்தலைப் பற்றியும், கொடியில் ஆண்பூவே பூக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்காகவும் எழுத உத்தேசம். சுரையோ புடலோ இடப் போகிறவர்கள் அதற்குள் நாலு மூங்கிலும் கொஞ்சம் கயிறும் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள்.